வாய்ப்புற்றும் தாவர மருந்துகளும்

தறிக்குழியில் கால் வைத்தவர் அன்றைய நெசவு முடியும்வரை எழுந்திருக்க மனம் கொள்வதில்லை. பசியையும் சோர்வையும் ஒத்திப்போட வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் துணையாக வந்து சேருகின்றன. நாற்று நடுவோரிடத்தும் களையெடுப்போரிடத்தும் இப்பழக்கம் குறைவன்று. ஆகவே வாய்ப்புற்று என்னும் நோய் நம் சங்க அங்கத்தினர்களுக்கு எட்டாத் தொலைவிலுள்ள விஷயமன்று. 2022-ஆம் ஆண்டின் உலகக் கணக்குப்படி, அவ்வோராண்டில் உதட்டிலோ வாய்க்குள்ளோ புற்று கண்டவர் உலகெங்கும் ஏறத்தாழ 3 இலட்சத்து 90 ஆயிரம் பேர். அவருள் இந்தியர் மட்டும் 1 இலட்சத்து 40 ஆயிரத்துக்கு மேற்பட்டவர். உலகச் சுமையில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானதை நம் நாடு ஒன்றே தாங்குகிறது.

இந்நோயைப் பற்றி நம் அங்கத்தினர்கள் கேட்கும் வினாக்கள் இருவகைப்படும். நெசவாளர் கேட்பது, "மஞ்சளும் வேம்பும் புற்றைக் கரைக்கும் என்கிறார்களே, ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இவற்றாலேயே குணம் பெறலாகாதா?" என்பது. விவசாயி கேட்பது, "புற்றுக்கு மருந்தாகும் செடிகளுக்கு நல்ல விலை உண்டாமே, அவற்றைப் பயிரிடலாமா?" என்பது. முதல் வினாவில் உயிர் அடங்கியிருக்கிறது. இரண்டாவதில் ஓராண்டு முதல் அடங்கியிருக்கிறது. இரண்டிற்கும் விடை காண வேண்டுமாயின், செடியிலிருந்து மருந்து எவ்வாறு பிறக்கிறது என்பதை நாம் முதலில் அறிதல் வேண்டும்.

நோயும் தாவரத்தினின்றே

"பச்சிலைதானே, தீங்கு செய்யாது" என்று கூறுவோர் பலர். வாய்ப்புற்றின் வரலாறே இக்கூற்றுக்கு மறுப்பாகும். இந்நோயை நம் நாட்டில் மிகுதியும் விளைவிப்பவை புகையிலையும் பாக்கும், இரண்டும் தாவரங்களே. புகையிலையைப் பதப்படுத்தும்போது அதிலுள்ள நிகோடின் முதலிய பொருள்கள் நைட்ரோசமைன் என்னும் நச்சுப் பொருள்களாக மாறுகின்றன. பாக்கிலுள்ள அரிகோலின் என்னும் பொருளோ, கன்னத்தின் உட்புறத் தசைநாரை இறுகச் செய்கிறது. சில ஆண்டுகளில் வாய் திறப்பது குறைந்து, காரம் படும்போதெல்லாம் எரிச்சல் உண்டாகிறது. மூன்று விரல்களை ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்தி முன்பற்களுக்கிடையே செலுத்த இயலாதவர் இவ்வியாதியை ஐயுறல் வேண்டும். இது புற்றுக்கு முன்னோடியான நிலைகளுள் ஒன்று.

"நான் புகையிலை போடுவதில்லை, வெறும் வெற்றிலை பாக்குத்தான்" என்று ஆறுதல் கொள்வோர்க்கு ஒரு செய்தி. உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 1985-இல் புகையிலை கலந்த தாம்பூலத்தை மனிதருக்குப் புற்று விளைவிப்பது என்று வகுத்தது. 2004-இல் புகையிலை கலவாத தாம்பூலத்தையும், தனிப் பாக்கையும் அதே வகுப்பில் சேர்த்தது. திருமணப் பந்தலில் ஒரு நாள் போடும் தாம்பூலத்தை நாம் குறை கூறவில்லை. கன்னத்தில் அடக்கி, நாள் முழுவதும் ஊற வைக்கும் பழக்கத்தையே கூறுகிறோம்.

நித்தியகல்யாணியின் கதை

தாவரம் தீங்கு செய்யும் என்றால், மருந்தும் ஆகாதோ எனின், ஆகும். சொல்லப்போனால், புற்றுக்கு எதிராக நின்று வென்ற மருந்துகளிற் பல, செடியின் நஞ்சிலிருந்தே பிறந்தவை. செடி தன்னைத் தின்ன வரும் பூச்சியையும் விலங்கையும் விரட்டுதற்கெனச் செய்து வைத்துள்ள நஞ்சை, அளவறிந்து மனிதன் பயன்படுத்துகிறான், அவ்வளவே.

சுடுகாட்டு மல்லி என்று நம்மவர் ஒதுக்கி வைத்த நித்தியகல்யாணியை எடுத்துக்கொள்வோம். மடகாஸ்கர் தீவு அதன் தாயகம். பல நாடுகளில் நாட்டு வைத்தியர்கள் இதன் இலையை நீரிழிவுக்குக் கொடுத்து வந்தனர். 1952-ஆம் ஆண்டில் ஜமைக்காவிலிருந்து ஒரு வைத்தியர், இவ்விலைகளை ஓர் உறையிலிட்டுக் கனடாவுக்கு அனுப்பினார். அங்கு ராபர்ட் நோபிள் என்பவர் இலைச் சாற்றை ஆய்வுப் பிராணிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். இரத்தத்தில் சர்க்கரை குறையவில்லை. ஆனால் ஊசி வழியாகச் செலுத்தியபோது, வெள்ளணுக்கள் குறைந்து, தொற்று நோய் கண்டு பிராணிகள் இறந்தன. வெள்ளணு அளவின்றிப் பெருகுவதன்றோ இரத்தப்புற்று? அதை அடக்கும் பொருள் இவ்விலையிலிருக்க வேண்டும் என்று அவர் ஊகித்தார். சார்லஸ் பியர் என்னும் இரசாயன நிபுணர் அவருடன் சேர்ந்து உழைத்து வின்பிளாஸ்டின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தார். 1958-இல் அச்செய்தி வெளியாயிற்று. அதே செடியிலிருந்து அமெரிக்க மருந்துக் கம்பெனி ஒன்றில் பிரிக்கப்பட்ட வின்கிரிஸ்டின், 1963-இல் அமெரிக்காவில் அநுமதி பெற்றது. குழந்தைகளின் இரத்தப்புற்றில் அது இன்றளவும் இன்றியமையாத மருந்து.

இக்கதையில் நாம் கவனிக்க வேண்டுவது ஒன்றுண்டு. நாட்டு வைத்தியம் வழி காட்டியது உண்மை. ஆனால் அது காட்டிய நோய் வேறு, கண்டுபிடித்த பயன் வேறு. இலையை மென்று தின்றவர் எவரும் புற்றினின்று பிழைக்கவில்லை. ஒரு கிராம் மருந்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். அம்மருந்தும் அளவு சிறிது மிஞ்சினால் நரம்பைக் கெடுக்கும். ஆகவே மருத்துவர் அதை உடற்பரப்பு அளந்து, மில்லிகிராம் கணக்கில் இரத்தக்குழாயில் செலுத்துகின்றனர்.

அம்மருந்து வேலை செய்யும் விதத்தை நெசவாளருக்கு விளக்குதல் எளிது. உடலிலுள்ள ஓர் உயிரணு இரண்டாகப் பிரியும்போது, அதனுள்ளே மிக நுண்ணிய இழைகள் ஓடி, நூற்புக் கதிரைப்போல் நடுவிற் பருத்தும் இரு முனையிலும் கூர்த்தும் அமைகின்றன. பாடநூல்களும் அவற்றைக் கதிர்கோல் இழைகள் என்றே வழங்குகின்றன. அவ்விழைகளே அணுவின் சரக்கைச் சமமாகப் பங்கிட்டு இரு புறமும் இழுத்துச் செல்பவை. நித்தியகல்யாணியின் மருந்து, இவ்விழைகள் முறுக்கேறி உருவாகாதபடி தடுத்துவிடுகிறது. இழை இன்றேல் பங்கீடில்லை. பங்கீடில்லாத அணு மடிகிறது. புற்றணு ஓயாமல் பிரிந்துகொண்டே இருப்பதால் அடி அதற்கே மிகுதியாக விழுகிறது. எனினும் மயிர்க்காலும், இரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜையும், வாயின் உட்தோலும் விரைந்து பிரியும் அணுக்களையே உடையன. ஆதலால் அவையும் உடன் துன்புறுகின்றன.

வாய்ப்புற்றுக்கு நித்தியகல்யாணி முதன்மை மருந்தன்று. அவ்விடத்தை வேறொரு மரம் பிடித்திருக்கிறது.

யூ மரத்தின் கொடை

1962-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், ஆர்தர் பார்க்லே என்னும் தாவர நிபுணர் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துக் காட்டில் பசிபிக் யூ என்னும் மரத்தின் பட்டையைச் சேகரித்தார். மரம் வெட்டுவோர் விறகுக்கும் மதியாத மரம் அது. அப்பட்டையிலிருந்து மன்ரோ வால், மன்சுக் வாணி என்னும் இருவர் ஒரு பொருளைப் பிரித்து, 1971-இல் அதன் அமைப்பை வெளியிட்டனர். மன்சுக் வாணி நம் நாட்டில் பிறந்தவர். அப்பொருள்தான் இன்று பேக்ளிடாக்சல் எனப்படுவது. அது கதிர்கோல் இழைமேல் செய்யும் வேலையை 1979-இல் சூசன் ஹார்விட்ஸ் என்னும் அம்மையார் விளக்கினார். நித்தியகல்யாணி இழையை உருவாகவிடாது தடுக்கிறது. யூ மரமோ உருவான இழையைப் பிரியவிடாமல் இறுக்கிப் பூட்டிவிடுகிறது. தறியில் பாவு ஏறாதிருப்பதற்கும், ஏறிய பாவு சிக்குண்டு நகராதிருப்பதற்கும் உள்ள வேற்றுமை இது. இரண்டிலும் நெசவு நின்றுபோகிறது.

பட்டையை உரித்தால் மரம் பட்டுப்போகும். நூறாண்டு வளர்ந்த மரம் ஒன்றின் பட்டை, ஒரு நோயாளிக்கு ஒரு வேளை மருந்துக்கே காணும். இந்த இக்கட்டைத் தீர்த்தவர்களுள் பிரான்சு நாட்டின் பியர் பொட்டியே முக்கியமானவர். ஐரோப்பிய யூ மரத்தின் இலையிலிருந்து ஒரு மூலப்பொருளை எடுத்து, அதை இரசாயன முறையில் மாற்றி டோசிடாக்சல் என்னும் மருந்தை அவர் குழுவினர் ஆக்கினர். இலையைக் கழித்தால் மீண்டும் துளிர்க்குமன்றோ? இமயமலைச் சாரலிலும் யூ மரங்கள் உண்டு. மருந்துக்கென அவற்றை வரையின்றி வெட்டியதால் இனம் அருகி, 1995-இல் அதன் வாணிகம் சர்வதேசக் கட்டுப்பாட்டுக்கு உட்படுத்தப்பட்டது.

இனி இம்மருந்தால் வாய்ப்புற்று நோயாளிக்குக் கிடைத்த நன்மை என்ன? தலை, கழுத்துப் பகுதிப் புற்றுகளில், வழக்கமான இரு மருந்துகளுடன் டோசிடாக்சலையும் சேர்த்து முதலில் கொடுத்துப் பின்னர் கதிர்வீச்சு அளித்த ஒரு பரிசோதனையின் முடிவு 2007-இல் வெளிவந்தது. 501 நோயாளிகளில், மூன்று மருந்தும் பெற்றோருள் நூற்றுக்கு 62 பேர் மூன்றாண்டு கடந்தும் உயிருடன் இருந்தனர். இரு மருந்து மட்டும் பெற்றோருள் 48 பேர். ஆயினும் அறுவைக்கு உட்படக்கூடிய வாய்ப்புற்றில் இதே மருந்துகளை முன்னதாகக் கொடுத்துச் சீனாவில் 256 பேரிடம் செய்த சோதனையில், ஆயுள் நீளவில்லை என்று 2013-இல் தெரியவந்தது. ஆகையால் வாயின் உட்புறப் புற்றுக்குக் கத்தியே முதல் வைத்தியமாக இன்றும் நிற்கிறது. அதன் பின்பு தேவைக்கேற்பக் கதிர்வீச்சு, அதனுடன் சிஸ்பிளாட்டின். இச்சிஸ்பிளாட்டின் பிளாட்டினம் என்னும் உலோகத்தினின்று வருவது. எந்தச் செடிக்கும் உறவன்று.

சிறுநீரகமோ செவியோ பழுதுற்றவர்கட்குச் சிஸ்பிளாட்டின் ஆகாது. அத்தகையோர்க்கு வழி என்ன என்ற கேள்விக்கு விடை பம்பாயிலிருந்து, அதாவது இன்றைய மும்பையின் டாடா நினைவு மருத்துவமனையிலிருந்து வந்தது. அங்கு 356 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குக் கதிர்வீச்சு மட்டும், மற்றவர்க்குக் கதிர்வீச்சுடன் வாரந்தோறும் சிறு அளவு டோசிடாக்சலும் அளித்தனர். இரண்டாண்டு முடிவில் உயிருடன் இருந்தோர் முதற் பிரிவில் நூற்றுக்கு ஏறக்குறைய 42. மருந்து பெற்ற பிரிவில் 51. கடுமையான வாய்ப்புண் இரண்டாம் பிரிவில் ஏறத்தாழ இரு மடங்காயிற்று என்பதையும் மறைக்காமல் எழுதியிருக்கின்றனர். நூற்றுக்கு ஒன்பது பேர் என்பது சிறு தொகையாகத் தோன்றலாம். அவ்வொன்பது பேரின் வீட்டில் அது சிறு தொகையன்று.

நெசவாளர் ஒன்றை நினைவில் வைத்தல் நலம். இவ்வகை மருந்துகள் விரல் நுனிகளில் மரமரப்பை உண்டாக்கக்கூடும். அறுந்த இழையைத் தேடிப் பிணைப்பவர்க்கு விரலுணர்ச்சியே பிழைப்பாதலின், மரமரப்புத் தொடங்கிய உடனே மருத்துவரிடம் கூற வேண்டும். அவர் அளவை மாற்றிக் கொடுப்பார். தம் தொழில் இன்னதென்று முதல் நாளே சொல்லிவிடுதல் அதனினும் நன்று.

மஞ்சள்

ஈரோட்டுச் சந்தையை அறிந்தவரிடம் மஞ்சளின் பெருமையைக் கூற வேண்டுவதில்லை. மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் என்னும் பொருளைப் பற்றி ஆயிரக்கணக்கான ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதப்பட்டுள்ளன. அவற்றிற் பெரும்பகுதி கண்ணாடித் தட்டிலும் எலியிடத்தும் செய்தவை. மனிதரிடத்துச் செய்தவற்றுள் நமக்கு நெருங்கியது கேரளத்தை முக்கிய களமாகக் கொண்டு நடந்து 2016-இல் வெளியான ஒன்று. புற்றுக்கு முன்னோடியாகக் கருதப்படும் வெண்படலம் வாயில் உடைய 223 பேருக்கு ஆறு மாதம் குர்குமின் மாத்திரையோ, அதைப்போலவே தோன்றும் வெற்று மாத்திரையோ கொடுக்கப்பட்டது. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, பரிசோதிக்கும் மருத்துவருக்கும் தெரியாது. முடிவு: குர்குமின் உண்டவருள் நூற்றுக்கு 67 பேருக்குப் படலம் சுருங்கியது அல்லது மறைந்தது, வெற்று மாத்திரை உண்டவருள் 55 பேருக்கு.

இவ்விரண்டாம் எண்ணைச் சற்று நின்று நோக்க வேண்டும். மருந்தே இல்லாத மாத்திரையால் நூற்றில் 55 பேருக்குப் படலம் குறைந்ததெப்படி? சில படலங்கள் தாமே மறைவன. புகையிலையை விட்டவர்க்கு விரைந்து மறைவன. கிராமத்தில் ஒருவர் ஏதோ ஒரு சூரணத்தைக் கொடுத்து, "இதோ பாருங்கள், பத்துப் பேரில் ஐந்து பேருக்குக் குணம்" என்றால் அவர் பொய் சொல்லவில்லை. சூரணம் இன்றியும் அந்த ஐந்து பேருக்குக் குணமாகியிருக்கக்கூடும் என்பதே அவர் அறியாதது. ஒப்பிட ஒரு வெற்றுப் பிரிவு இல்லாத எந்தச் சோதனையையும் நாம் ஏற்கலாகாது என்பதன் காரணம் இதுதான். மேலும் அக்கேரளச் சோதனையில், திசுவை எடுத்து நுண்ணோக்கியில் நோக்கியபோது இரு பிரிவுக்குமிடையே உறுதியான வேற்றுமை காணவில்லை; ஆறு மாதத்துக்குப் பின்னும் தொடர்ந்து உண்டதால் கூடுதல் பயன் விளையவுமில்லை. குர்குமின் நம்பிக்கைக்கு இடந்தருகிறது. புற்றைக் குணமாக்கும் என்பதற்கு அதில் சான்றில்லை. சோதிக்கப்பட்டது வெண்படலத்தின்மீது, புற்றின்மீதன்று.

அளவையும் கணக்கிட்டுப் பாருங்கள். அவர்கள் கொடுத்தது நாளொன்றுக்கு 3.6 கிராம் குர்குமின். நல்ல மஞ்சளில் நூற்றுக்கு மூன்று பங்கு குர்குமின் இருப்பதாகக் கொண்டால், அவ்வளவைப் பெற நாள்தோறும் 120 கிராம் மஞ்சள்தூள் உண்ண வேண்டும். குழம்பில் இடும் சிட்டிகை எங்கே, இது எங்கே? உண்டாலும் குடலில் சேர்வது மிகச் சிறிது. சேர்ந்ததையும் ஈரல் விரைவில் மாற்றி வெளியேற்றிவிடுகிறது. மிளகுச் சத்தைக் கூட்டி மிகுதியாகச் சேரும்படி செய்து விற்கும் மாத்திரைகளை உண்டு ஈரல் பழுதுற்றவர்களைப் பற்றி மேல்நாட்டு மருத்துவர்கள் எழுதியுள்ளனர். நிறம் கூட்டுதற்கு ஈயக் குரோமேட் கலந்த மஞ்சள்தூளைக் கணக்கின்றி உண்பதன் கேடு சொல்லாமலே விளங்கும்.

கேரளத்தில் 1995-இல் வெளியான மற்றொரு சோதனையும் கருதத்தக்கது. புகையிலை மெல்லுவோருக்கு ஸ்பைருலினா என்னும் நீர்ப்பாசியை நாளொன்றுக்கு ஒரு கிராம் வீதம் ஓராண்டு கொடுத்தனர். உண்ட 44 பேரில் 20 பேருக்கு வெண்படலம் முற்றும் மறைந்தது. உண்ணாத 43 பேரில் 3 பேருக்கே மறைந்தது. ஆனால் நிறுத்திய ஓராண்டுக்குள் அவ்விருபதின்மருள் ஒன்பது பேருக்கு மீண்டும் வந்துவிட்டது.

பருத்திக்கொட்டையில் ஒரு பாடம்

நமக்குச் சோறிடும் பருத்தியும் இவ்வாராய்ச்சியில் இடம் பெற்றிருக்கிறது. பருத்திக்கொட்டையின் பருப்பைப் பிளந்து பார்த்தால் கரும்புள்ளிகள் தெரியும். அப்புள்ளிகளில் அடங்கியது காசிப்பால் என்னும் மஞ்சள் நிறப் பொருள். புழு பூச்சிகளினின்று செடியைக் காப்பது அதுவே. புள்ளியில்லாத பருத்தி இனங்களை உண்டாக்கியபோது பூச்சிகள் அவற்றை மிகுதியாக நாடின. சீன தேசத்தில், சுத்திகரிக்காத பருத்திக்கொட்டை எண்ணெயை உண்ட கிராமத்தாரிடையே ஆண்களுக்கு மலட்டுத்தன்மை கண்டதால், 1970-களில் காசிப்பாலைக் குடும்பக் கட்டுப்பாட்டு மருந்தாகச் சோதித்தனர். இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தது, சிலருக்கு மலட்டுத்தன்மை நீங்காமலே நிலைத்தது, ஆகவே கைவிட்டனர். மதுரைப் பருத்திப்பாலை விரும்புவோர் இதைப் படித்து அஞ்ச வேண்டுவதில்லை; கொதிக்கக் காய்ச்சும்போது காசிப்பாலில் பெரும்பகுதி புரதத்துடன் பிணைந்து வலியிழக்கிறது.

புற்றணு, சாக வேண்டிய வேளையில் சாகாமல் தப்புதற்கு உதவும் சில புரதங்களைக் காசிப்பால் முடக்குவதாக ஆய்வுக்கூடத்தில் கண்டனர். தலை, கழுத்துப் புற்றணுக்கள் அதனால் நன்றாகவே மடிந்தன. பெரும் எதிர்பார்ப்புடன் மாத்திரையாக்கி, முற்றிய நிலையிலிருந்த 35 நோயாளிகளுக்கு டோசிடாக்சலுடன் சேர்த்துக் கொடுத்தனர். 2016-இல் முடிவு வெளியாயிற்று. டோசிடாக்சல் தனியே தரும் பயனுக்கு மேல் காசிப்பால் எதையும் கூட்டித் தந்ததாகத் தெரியவில்லை. தட்டில் வெல்வது வேறு, உடலில் வெல்வது வேறு.

சாயத் தொழிலில் உள்ளோர்க்கு ஓர் இடைச்செய்தி. நீலச்சாயம் தரும் செடிகளிலிருந்து செய்யும் ஒரு சீன மருந்துத் தூளில், நீலத்துடன் சிறிதளவு செந்நிறப் பொருளும் உண்டு. இண்டிரூபின் எனப்படும் அது, ஒருவகை இரத்தப்புற்றைக் கட்டுப்படுத்தியதாகச் சீன மருத்துவர்கள் கண்டு பயன்படுத்தினர். வாய்ப்புற்றுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

பெயர் எழுதிய குப்பி

60-ஆம் நெம்பர் என்று சீட்டு ஒட்டிய சிப்பத்தைப் பிரித்தால் உள்ளே 40-ஆம் நெம்பர் நூல் இருப்பதைக் கண்ட அநுபவம் நெசவாளர் சிலருக்கு இருக்கலாம். ஆராய்ச்சி உலகிலும் அவ்வாறொன்று நேர்ந்தது. 1955-இல் வாய்ப்புற்றுக் கட்டியொன்றிலிருந்து எடுத்து வளர்த்ததாகக் கூறப்பட்ட கே.பி. என்னும் அணுக்கள், உலகின் பல ஆய்வுக்கூடங்களுக்கும் குப்பிகளில் சென்றன. "இச்செடியின் சாறு வாய்ப்புற்றணுவைக் கொல்கிறது" என்று எழுதப்பட்ட பல கட்டுரைகளுக்கு அவ்வணுக்களே ஆதாரம். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையம் 1960 முதல் 1982 வரை சுமார் 35,000 தாவர இனங்களைச் சோதித்த பெருந்திட்டத்திலும் அவை உரைகல்லாயின. யூ மரப்பட்டையின் வலிமை முதலில் தெரிந்ததும் அவற்றின்மீதே. ஆனால் ஸ்டான்லி கார்ட்லர் என்பவர் 1960-களின் பிற்பகுதியில் ஆராய்ந்தபோது, அக்குப்பிகளில் இருந்தவை வாயின் அணுக்களே அல்ல என்றும், 1951-இல் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்னும் அமெரிக்கப் பெண்மணியின் கருப்பை வாய்ப்புற்றிலிருந்து எடுத்த அணுக்கள் எப்படியோ கலந்து பரவியவை என்றும் வெளியாயிற்று. அதன் பின்னும் பழைய பெயர்ச்சீட்டுடனே அவற்றைப் பயன்படுத்தி எழுதியவர் பலர். யூ மருந்து மனிதரிடம் நேரே சோதிக்கப்பட்டதால் தப்பியது. குப்பியோடு நின்றுவிட்ட எத்தனையோ செடிகளைப் பற்றி அப்படிக் கூற இயலாது.

குப்பிக்கு அடுத்த படி விலங்கு. கன்னத்தில் பை உடைய ஹாம்ஸ்டர் என்னும் சிறு எலியின் பையில் புற்று விளைவிக்கும் பொருளை வாரம் மூன்று முறையாகச் சில மாதம் பூசினால் அங்குப் புற்று தோன்றும். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில், இவ்வெலிகளைக் கொண்டு வேப்பிலையையும், அதிலுள்ள நிம்போலைடு என்னும் பொருளையும் நெடுநாள் ஆராய்ந்து, புற்றின் தோற்றம் தடைப்படுவதைக் காட்டியிருக்கின்றனர். போற்றத்தக்க வேலை. எனினும் வேப்பங்கொழுந்தை மென்றால் வாய்ப்புற்று தீரும் என்று அவ்வாராய்ச்சியாளர் எவரும் கூறவில்லை. கூறுபவர் சந்தையில் இருக்கின்றனர்.

எலியிலும் கணக்கிலும் நன்றாகத் தோன்றியது மனிதரிடம் தீங்காய் முடிந்ததும் உண்டு. கீரையிலும் காரட்டிலும் உள்ள பீட்டா கரோட்டினைப் பின்லாந்து தேசத்தில் புகை பிடிக்கும் ஆடவர்க்குக் கொடுத்துப் பார்த்தனர். 29,133 பேர் கலந்துகொண்ட அச்சோதனையின் முடிவு 1994-இல் வெளிவந்தபோது, அதை உண்டவரிடம் நுரையீரற் புற்று நூற்றுக்கு 18 வீதம் அதிகமாகவே காணப்பட்டது. கீரை உண்பது வேறு. அதன் ஒரு சத்தைப் பிரித்துப் பெருமளவில் விழுங்குவது வேறு.

நோய் கண்டால் செய்ய வேண்டுவது

வாய்ப்புற்றினின்று உயிரைக் காத்ததில் ஒரு கைவிளக்குக்கும் பங்குண்டு என்றால் வியப்பாக இருக்கும். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996 முதல், பயிற்சி பெற்ற சுகாதார ஊழியர்கள் வீடுவீடாகச் சென்று, வெறுங்கண்ணால் வாயைப் பரிசோதித்தனர். 2005-இல் வெளியான முடிவுப்படி, புகையிலையோ மதுவோ பயன்படுத்துவோரிடையே வாய்ப்புற்றால் நேரும் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. நோயை முளையிலே கண்டு அறுத்துவிட்டால் பத்தில் எட்டுப் பேர் அளவுக்குப் பிழைக்கின்றனர். முற்றிக் கழுத்துக்கு இறங்கிய பின் வருவோரிற் பாதிப் பேரைக் காப்பதும் அரிது. பச்சிலைக் கட்டுப் போட்டுக் காத்திருக்கும் மூன்று மாதம் இவ்விரு நிலைக்கும் இடைப்பட்ட தூரமாக அமைந்துவிடுகிறது. மூலிகை கேடு செய்யாவிட்டாலும், அது விழுங்கிய காலம் கேடு செய்கிறது.

மாதம் ஒரு முறை, நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று, வாயைக் கொப்பளித்துவிட்டு, இரு கன்னத்தின் உட்புறம், ஈறு, நாக்கின் இரு ஓரம், நாக்கின் அடி, அண்ணம் ஆகியவற்றை நோக்க வேண்டும். துடைத்தாலும் போகாத வெண்படலம், சிவந்த திட்டு, மூன்று வாரமாகியும் ஆறாத புண், காரணமின்றி ஆடும் பல், கழுத்தில் கட்டி, வாய் திறப்பில் குறைவு ஆகிய எதைக் கண்டாலும் ஆஸ்பத்திரியில் காட்டுக. சிவந்த திட்டு வெண்படலத்தைவிட அஞ்சத்தக்கது. வலியில்லை என்பது ஆறுதலன்று. தொடக்கத்தில் இந்நோய் வலிப்பதில்லை. காஞ்சிபுரம் பகுதி நெசவாளர்க்குக் காரப்பேட்டையில் அரசினர் அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. சென்னை அடையாற்றில், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954-இல் தொடங்கிய புற்றுநோய் நிலையம் இருக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை உள்ளோர் அதைக் கையோடு கொண்டு செல்லுதல் வேண்டும்.

மஞ்சளோ, கஷாயமோ, மாத்திரையோ எது உண்டு வந்தாலும் மருத்துவரிடம் ஒளிக்காமல் கூறுக. சில மூலிகைகள் இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும். அறுவைக்கு முன் அவர் அறிய வேண்டிய செய்தி அது. சமையலில் இடும் மஞ்சளை எவரும் நிறுத்த வேண்டுவதில்லை.

பயிரிடுவோர்க்கு

விருதுநகர், இராமநாதபுரம், தூத்துக்குடி மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் நித்தியகல்யாணி பயிராகிறது. வறட்சி தாங்குவது, ஆடு மாடு கடிக்காது. இலை புற்று மருந்துக்கும், வேர் இரத்த ஓட்டத்துக்கான வேறொரு மருந்துக்கும் வாங்கப்படுகின்றன. வேலிச் செலவில்லை என்பது பெரிய வசதியே. ஆனால் விலையை முடிவு செய்வது நம் சந்தையன்று. தூர தேசத்து மருந்துச் சாலைகள். பேக்ளிடாக்சலின் ஒரு பகுதி இப்போது மரத்தினின்றே வருவதில்லை. தொட்டிகளில் யூ மரத்தின் அணுக்களை வளர்த்து எடுக்கின்றனர். நித்தியகல்யாணி மருந்துக்கு வேண்டிய இரு மூலப்பொருள்களை ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரில் உண்டாக்கிக் காட்டிய ஆராய்ச்சி 2022-இல் வெளிவந்தது. அவ்வழி தொழிற்சாலை அளவுக்கு மலிவாகுமானால் இலைக்கு இன்றுள்ள தேவை நிலைக்கும் என்று சொல்வதற்கில்லை. மருத்துவத்துக்கு அது நன்மை, விளைவித்தவர்க்கு அப்படியன்று.

ஆதலால் நிலம் முழுவதையும் இதற்கு விடாமல், வழக்கமான பயிருக்கு அருகே ஒரு பகுதியில் பயிரிடலாம். இலைக்கா வேருக்கா, காய்ந்த நிலையில் ஈரப்பதம் நூற்றுக்கு எவ்வளவு, மழையில் கறுத்த இலையைத் தள்ளுவார்களா, எடை எங்கே போடப்படும், பணம் எத்தனை நாளில் என்பனவற்றை விதைப்புக்கு முன்பே எழுத்தில் பெறுதல் வேண்டும். தனித்தனியே பேசுவதைவிடச் சங்கத்தின் பெயரால் ஒரே உடன்படிக்கையாகப் பேசினால் எடையிலும் கழிவிலும் ஏமாற்றம் குறையும். இலை பறிப்போர் கையுறை அணிக. பறித்த கையோடு வெற்றிலை மடிக்க வேண்டாம்.